மூட்டையில் முதல் இடம் தண்ணீருக்கு

கடல்மட்டத்திலிருந்து மதுரை நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆரப்பாளையத்தில் வியர்வையில் நனைந்த சட்டையோடு பஸ் ஏறியவர், அன்று மாலையே ஸ்வெட்டர் எங்கே என்று பையைத் துழாவ வேண்டியிருக்கும். பனிமலைக்கென்று யாரோ எழுதிய சாமான் பட்டியலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் மதுரைக்காரர் ஏமாறுவது இதனால்தான்.

துணியையே எடுத்துக்கொள்ளலாம். மலையேற்றத்துக்குப் பருத்தி கூடவே கூடாது என்பது குளிர்நாட்டு விதி. நனைந்த பருத்தி லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும் என்பார்கள். மேலே, மாலையில், அது முழு உண்மை. ஆனால் அடிவாரத்து வெயிலில் மெல்லக் காயும் அந்த ஈரம்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. ஆகவே பருத்திச் சட்டையில் ஏறுவதில் தவறில்லை. உச்சியில் மாற்றிக்கொள்ள சட்டென்று காயும் சட்டை ஒன்று, கம்பளியோ ஃப்ளீஸோ ஒன்று, இரண்டையும் நீர்புகாத உறையில் கட்டிப் பைக்குள் வைத்திருந்தால் போதும். துண்டை மறக்க வேண்டாம். வெயிலுக்கு முண்டாசு, கழுத்துக்குத் திரை, சில நேரம் பைக்கடியில் மெத்தை என்று அது செய்யும் வேலைகளைக் கடையில் தனித்தனியாக வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும்.

எடைக்கு வருவோம். சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அறுபது கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. நம் வெக்கையில் அதற்கும் கீழே நிற்பது நல்லது. அதிலும் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. மூன்று லிட்டர் எடுத்தால் மூன்று கிலோ போயிற்று. குறைக்க முடியாத எடை இது ஒன்றுதான். மற்ற எல்லாமே இதற்கு வழிவிட வேண்டும்.

சதுரகிரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கோயில் மதுரை மாவட்டத்தில் இருந்தாலும், பெரும்பாலோர் ஏறுவது விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியாகத்தான். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று ஏறிக்கொண்டே போகும் பாதை. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் பிளாஸ்டிக் பொருள்களுக்குக் கெடுபிடி உண்டு. ஸ்டீல் பாட்டில் கனம்தான், ஆனாலும் அதைத்தான் தூக்க வேண்டும். கூடவே உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து. வியர்வையோடு போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுகட்டாது. சாப்பாட்டுக்குப் பொரிகடலை, அவல், கடலைமிட்டாய், பேரீச்சை. காட்டுக்குள் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை என்பதால் ஸ்டவ், பாத்திரம் என்ற பேச்சே வேண்டாம். ஒரு கிலோவாவது மிச்சம்.

சாமானால் தீராத ஆபத்தும் உண்டு. 2015 மே மாதம் இதே சதுரகிரியில் ஓடைகளில் திடீர் வெள்ளம் பாய்ந்து பக்தர்கள் பலியானார்கள். எத்தனை விலை உயர்ந்த ஷூவும் அப்படிப்பட்ட ஓடையைக் கடக்க உதவாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ எவரையும் முந்திவிடும். அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை முறையான வழிகாட்டிகளோடு திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அவற்றில் ஒன்று. அனுமதிச் சீட்டுதான் பையில் முதலில் போக வேண்டிய சாமான் என்று சொன்னால் மிகையில்லை.

பை வாங்கும்போது லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஓர் இரவுப் பயணத்துக்கு முப்பது, நாற்பது லிட்டர் தாராளம். ஆளின் உயரத்தைவிட முதுகின் நீளமே முக்கியம்: குனிந்தால் கழுத்தடியில் புடைக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். இடுப்புப்பட்டை எலும்பின் மேல் சரியாக உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இறங்கிவிடும். கல்லூரிப் பையில் அந்தப் பட்டை இருப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் தோள் சொல்லிவிடும்.

ஷூவை மாலையில் போய் வாங்குவது நல்லது. நடந்து திரிந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெறுங்காலில் நடக்கிறார்களே என்று கேட்கலாம். அது நேர்த்திக்கடன். அவர்களும் தார் சுடாத இரவிலும் விடியலிலும்தான் அதிகம் நடக்கிறார்கள். இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படும்படி முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரும் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த ஸ்டிக்கரை மலையேறுபவரும் கடன் வாங்கலாம்.

புதுப் பையையும் ஷூவையும் நேரே மலைக்குக் கொண்டுபோகாமல், மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாம். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குடைவரைக் கோயில், சமணர் படுகை, வெறும் பாறை எல்லாம் அங்கே உண்டு. மதுரையைச் சுற்றிய சமவெளியில் ரப்பர் செருப்பைத் துளைக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் பஞ்சமில்லை. முழுச் சுமையோடு காலையில் போய் வீடு திரும்பியதும் பையைத் தரையில் கொட்டி, கை படாத சாமானையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டும். டார்ச், மழைக்கோட்டு, மருந்துப் பொட்டலம் மூன்றுக்கும் மட்டும் இந்த விதி கிடையாது.