டேனி போடுற சத்தம், டாமிக்குக் கேட்கிற சத்தம்

இன்னிக்கு ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ பத்திப் பேசலாம். டாமி ஷெல்பியோட தொப்பி, சிகரெட், ஸ்லோ மோஷன் நடை எல்லாம் ரீல்ஸ்ல போதும் போதும்ங்கிற அளவுக்குப் பாத்தாச்சு. நான் பேசப்போறது, 2013-ல் வந்த முதல் எபிசோடில் வர்ற டேனியைப் பத்தி.

கதை நடக்கிறது 1919, பர்மிங்ஹாம். முதல் உலகப் போர் முடிஞ்சு எல்லாரும் ஊர் திரும்பிட்டாங்க. ஒருநாள் டேனி வெறிபிடிச்ச மாதிரி பப்புக்குள்ள பாயறான். அவனோட பட்டப்பேர் ‘விஸ்-பேங்’. ஜெர்மன் பீரங்கிக் குண்டுக்குச் சிப்பாய்கள் வெச்ச பேர் அது. குண்டு பறந்து வர்ற சத்தமும் வெடிக்கிற சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணாவே கேட்குமாம். பதுங்க நேரமே இருக்காது. அந்த நிமிஷத்துல டேனி தன்னையே அந்தக் குண்டுனு நம்புறான். டாமியும் மத்தவங்களும் அவனை அமுக்கிப் பிடிச்சு, “நீ மனுஷன்டா, வீட்டுக்கு வந்துட்ட”ங்கிற மாதிரி பேசித்தான் மீட்கிறாங்க.

இதைத்தான் அப்போ ‘ஷெல் ஷாக்’னு சொன்னாங்க. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-ல் ‘லான்செட்’ இதழில் இந்தப் பேரோட கட்டுரை எழுதினார். குண்டு வெடிச்ச அதிர்ச்சி மூளையைப் பாதிக்குதுன்னு முதல்ல நினைச்சாங்க. ஆனா குண்டு பக்கத்துல வெடிக்காதவங்களுக்கும் அதே நடுக்கம் வந்துச்சு. ‘பிடிஎஸ்டி’ங்கிற பேர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறினது 1980-ல், வியட்நாம் போருக்கு அப்புறம்தான். நடந்து முடிஞ்சதை, இப்போ நடக்கிறதாவே உடம்பு உணருது. அதுதான் இதுல முக்கியமான விஷயம்.

அப்புறம் டேனி ஒரு இத்தாலியரைக் கொன்னுடறான். அவங்க ஆட்களைச் சமாதானப்படுத்த, டாமி அவனைச் சுட்டுக் கொல்ற மாதிரி ஒரு நாடகம் போடுறான். நண்பனே நண்பனைச் சுடுற இந்தக் காட்சிக்குப் பின்னால ஒரு நிஜ வரலாறு இருக்கு. அந்தப் போர்ல ஓடிப்போனது, கோழைத்தனம் மாதிரியான குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவமே சுட்டுக்கொன்ன 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைச்சது. ஷெல் ஷாக் வந்தவங்களும் அதுல இருந்தாங்க.

எனக்கு உறுத்துறது டேனி செய்ற அந்தக் கொலைதான். போர்ல மனசு உடைஞ்சவன்னா கத்தி எடுப்பான்னு ஒரு பயத்தை அது விதைச்சுடுது. உண்மையில பிடிஎஸ்டி உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் தாக்குறவங்க இல்லை. தூக்கம் வராம, யார்கிட்டயும் சொல்லாம, தங்களுக்குள்ளயே தவிக்கிறவங்கதான் அதிகம்.

அதைச் சரியா காட்டுறது டாமிதான். போர்ல அவன் சுரங்கம் தோண்டினவன். ஊருக்கு வந்த பிறகும் ராத்திரியில, சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி மண்வெட்டியால தோண்டுற சத்தம் அவனுக்குக் கேட்குது. அபின் புகைச்சுத்தான் அதை அடக்குறான். பகல்ல கோட் மாட்டிக்கிட்டு வெளிய வந்தா, யாருக்கும் எதுவும் தெரியாது.

டேனியை அமுக்கிப் பிடிக்க நாலு பேர் ஓடி வந்தாங்க, ஏன்னா அவன் சத்தம் வெளியே கேட்டுச்சு. டாமிகிட்ட ராத்திரி தூங்கினியானு கேட்கக்கூட ஆள் இல்லை. நாம ரீல்ஸ்ல கெத்துன்னு கொண்டாடுற அந்த இறுகின முகத்தை, இதை மனசுல வெச்சு இன்னொரு தடவை பாருங்க.