காந்தம் ஒட்டாத கார்

1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிக் காட்டியவை யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள். அந்த ஆசையில் கொக்குவிலில் ஓர் ஒஸ்ரின் ஏ40 வாங்கினேன். புதுப் பெயின்ற் பளபளத்தது. மாரி முடியுமுன் கதவடியில் கொப்புளம்!

கராஜ்காரர் துணி சுற்றிய காந்தத்தை வைத்தார், ஒட்டாமல் விழுந்தது. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பட்டி. கதவடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் அது அடைத்திருந்தது. கறளுக்கு மேல் பெயின்ற் பூசினால் உள்ளே கறள் தின்றுகொண்டேயிருக்கும். உக்கியதை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்து, மிச்சக் கறளைத் தகடு மினுங்கத் தேய்த்து, ஈரம் படுமுன் பிறைமர் அடிக்க வேண்டும். பெயின்ற் கடைசி வேலை. வாங்கப் போகிறவர்கள் காலடி விரிப்பையும் தூக்கிப் பாருங்கள்.

பின்பு அதை விற்கையில், வெட்டி ஒட்டிய இடங்களை நானே காட்டினேன். வந்தவர் விலையைக் குறைத்தார். கொடுத்துவிட்டேன்.