டாங்கியை விற்றுக் கட்டிய பிள்ளைப் பள்ளி



ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன் நான். விடியுமுன், பிரட்டுக்கு ஓடுகிற வழியில், அம்மா என்னைத் தூக்கக் கலக்கத்தோடு அங்கே விட்டுப் போவார். சிமெண்டுத் தரை, வரிசையாகத் தூளிகள், ஒரே ஓர் ஆயா. பாவம், அவரும் என்ன செய்வார்? "பிள்ளை விழாம, அழுவாம இருந்தா போதும்" என்பதுதான் கணக்கு. பெற்றோரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

இந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு உறைத்தது, இத்தாலி நாட்டுக் கதை ஒன்றைப் படித்த பிறகுதான்.

அங்கே ரெஜ்ஜோ எமிலியா நகருக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற சிற்றூர். உழைக்கும் சனங்களின் ஊர். 1945 ஏப்ரலில் விடுதலை கிடைத்தபோது, பின்வாங்கிய ஜெர்மன் பட்டாளம் ஒரு டாங்கி, ஆறு குதிரைகள், மூன்று லாரிகளை விட்டுப் போயிருந்தது. விற்ற காசை என்ன செய்வது? நம்ம ஊராக இருந்தால் கோயிலா, மண்டபமா என்று இரண்டு கட்சி கிளம்பியிருக்கும்! அவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல், சொந்த உழைப்பு. கேள்விப்பட்ட லோரிஸ் மலகூஸி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் பார்க்கப் போனார். பிறகு வாழ்நாளெல்லாம் அந்த வேலைதான் அவருக்கு. 1963இல் நகர மன்றமே அப்படியொரு பள்ளியைத் திறந்தது. 1971இல், பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் போராடியதன் பேரில், நாடு முழுவதும் கைப்பிள்ளைகளுக்கான காப்பகச் சட்டம் வந்தது.

கட்டடத்தைவிட, பிள்ளையை அவர்கள் பார்க்கிற விதம்தான் எனக்குப் பெரிசு. மூன்று வயசுக்கும் சொந்த யோசனை உண்டு, அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைப்பது பெரியவர் வேலை என்கிறார்கள். மழைத்தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து நிற்கிற பிள்ளையை நாம், "ஏய், சளி புடிக்கும்!" என்று இழுத்து வருவோம். அவர்கள், "என்ன தெரியுது?" என்று கேட்பார்கள். களிமண், கம்பி, வர்ணம் எல்லாம் பிள்ளை கைக்கு எட்டும். சமையல்காரருக்கும் பிள்ளை வளர்ப்பில் பங்கு உண்டு. பெற்றோர் ஆசிரியர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இதற்குப் பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் ரப்பர் கொட்டைக்கும் செம்பனை ஈர்க்குக்கும் நம்மிடம் பஞ்சமா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். தோட்டங்களில் பிள்ளைக் காப்பகத்துக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இருந்தும் நான் எழுதிய கோரிக்கை மனுக்களில் ஆயாக் கொட்டகை எப்போதும் கடைசி வரி. நிர்வாகம் முறுக்கினால் முதலில் விட்டுக் கொடுத்ததும் அதைத்தான். ஒருமுறை அப்படி விட்டுவிட்டு வெளியே வந்தபோது, பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் கேட்டார்: "புள்ளைங்க விசயம் என்னாச்சு தம்பி?" சம்பளம் ஏறியதைச் சொல்லிச் சமாளித்தேன்.

பல தோட்டங்களில் இன்று நம் குடும்பங்கள் குறைந்துவிட்டன. இருக்கிற இடத்திலாவது, அடுத்த மனு எழுதுமுன் அந்த அக்காமாரைக் கொட்டகையிலேயே கூட்டி உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன். உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் பிள்ளைகள் பகலெல்லாம் என்ன செய்கிறார்கள்? போய்ப் பார்த்து எழுதுங்கள்.