உதடு போனால் வாத்தியம் போயிற்றா? ஊதுவாத்தியக் கலைஞர்கள் வெளியே சொல்லாத சிக்கல்

குருமடங்களால் அறியப்பட்ட அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கும் வீதி வாவிக்கரையில் வந்து சேர்கிறது. எசல பெரஹரா நாட்களில் அந்தக் கரையில் நின்றால் மேளங்களின் முழக்கத்துக்கு மேலாகச் சங்கும் ஹொரணையும் கேட்கும். அதே நகரில் கட்டுக்கலை செல்வவிநாயகர் ஆலயத் திருவிழா என்றால் நாதஸ்வரம். பாடசாலை விளையாட்டுப் போட்டி என்றால் பாண்ட் வாத்தியக் குழுவின் ட்ரம்பெட். மதமும் மொழியும் வேறு வேறு. ஆனால் இவற்றை ஊதுகிற எல்லோரும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: உதட்டை.

மிருதங்கக் கலைஞரின் விரல் வீங்கினால் எல்லோருக்கும் தெரியும். ஊதுபவரின் உதடு பழுதானால் வெளியே எதுவும் தெரியாது. நேற்று வந்த சுரம் இன்று வராது. அரை மணித்தியாலத்தில் உதடு மரத்துவிடும். காற்று கடைவாயால் கசியும். கேட்பவர்கள் "சாதகம் போதாது" என்பார்கள். கலைஞரும் அதையே நம்பி இன்னும் அதிகமாக ஊதுவார். நிலைமை இன்னும் மோசமாகும். கடைசியில் "உதடு போச்சு" என்று வாத்தியத்தை உறையில் போட்டுவிடுவார்.

எங்கள் மக்களிடையே இந்தச் சிக்கலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1995 இடப்பெயர்விலும் 2009 இறுதிப் போரிலும் வீட்டோடு வாத்தியத்தையும் விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். முகாமிலும் அகதி வாழ்விலும் வருடக்கணக்காக ஊதாமல் இருந்தவர்கள், முன்பல்லையோ கையையோ செவிப்புலனையோ இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் "இனி முடியாது" என்று தாங்களாகவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு எப்போதும் சரியானதல்ல. ஏன் என்று விளங்கிக்கொள்ள, உதட்டை மிகக் கடுமையாகச் சோதிக்கும் ஒரு வாத்தியத்தைப் பார்ப்போம். அதுதான் பிரெஞ்சு ஹோர்ன்.

சங்கின் உறவினர்

நாதஸ்வரத்தில் ஒலியை எழுப்புவது சீவாளி. உதடு அதைப் பிடித்துக் கட்டுப்படுத்துகிறது. சங்கில் சீவாளி இல்லை. அங்கே உதடே சீவாளி. இறுக்கிய இரு உதடுகளுக்கு இடையே காற்று புகும்போது உதடுகள் அதிர்கின்றன. அந்த அதிர்வைச் சங்கின் சுருள் பெருக்கிக் கொடுக்கிறது. எங்கள் கோயில் பூசையிலும் செத்த வீட்டிலும் கேட்கிற சங்கு இப்படித்தான் ஒலிக்கிறது. கொம்பும் எக்காளமும் ட்ரம்பெட்டும் பிரெஞ்சு ஹோர்னும் இதே குடும்பம்தான்.

பிரெஞ்சு ஹோர்ன் நத்தை போல் சுருட்டப்பட்ட பித்தளைக் குழாய். நீட்டி அளந்தால் ஏறத்தாழ 12 அடி வரும். ஊதும் முனையான மவுத்பீஸின் உள்வாய் 17, 18 மில்லிமீற்றர் மட்டுமே. இடது கை விரல்கள் வால்வுகளை அழுத்த, வலது கை விரிந்த வாய்க்குள் சென்று ஒலியை மென்மைப்படுத்தும்.

இது கடினமான வாத்தியம் என்று பெயர் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட குழாயில் இயற்கையாக எழும் சுரங்கள் மேற்பகுதியில் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விரல்களை அசைக்காமலே உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றிப் பல சுரங்களை எழுப்பலாம். அதனால் உதடு சற்றுப் பிசகினாலும் பக்கத்துச் சுரம் வந்துவிடும். வினாடிக்கு 440 அதிர்வுள்ள சுரம் வேண்டுமென்றால், உதடு வினாடிக்கு 440 முறை திறந்து மூட வேண்டும்.

பிரித்தானிய ஹோர்ன் கலைஞர் டெனிஸ் பிரெய்ன் 1956இல் லண்டனில் நடந்த நகைச்சுவை இசை நிகழ்ச்சி ஒன்றில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் இசைத்துக் காட்டினார். சபை சிரித்தது. ஆனால் இசையை உருவாக்குவது பித்தளை அல்ல, உதடும் மூச்சுமே என்பதற்கு அதைவிட எளிய விளக்கம் இல்லை.

பிழை எங்கே தொடங்குகிறது

உதடு, கடைவாய், தாடை, பல், நாக்கு எல்லாம் சேர்ந்து ஊதுவதற்கு எடுக்கும் நிலையை மேற்கத்திய இசையில் எம்பூஷர் என்பார்கள். நாம் உதட்டுப்பிடி என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, அழுத்தம். மேல் சுரம் வராதபோது கை தானாகவே வாத்தியத்தை வாயோடு சேர்த்து அமுக்கும். சுரம் அப்போதைக்கு வரும். ஆனால் பல்லுக்கும் பித்தளைக்கும் நடுவில் அகப்பட்ட உதட்டில் இரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போகும், வீங்கும். ஊதி முடித்துப் பல நிமிடங்கள் கழித்தும் மவுத்பீஸின் வளையத் தடம் ஆழமாகத் தெரிந்தால் அது எச்சரிக்கை. இதற்கு மருந்து உதட்டில் இல்லை, மூச்சில் இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து வேகமான காற்று வந்தால் கைக்கு அமுக்கும் வேலை இல்லை.

இரண்டாவது, சிரிப்பு. மேல் சுரத்துக்காகச் சிரிப்பதுபோல் உதட்டை இரு பக்கமும் இழுப்பது பலரின் பழக்கம். இழுபட்ட உதடு மெலிந்து, எளிதில் களைத்துவிடும். கடைவாய்கள் உறுதியாக நிற்க, உதட்டின் நடுப்பகுதி மென்மையாக அதிர வேண்டும். ஹோர்ன் ஆசிரியர்கள் பொதுவாக மவுத்பீஸின் மூன்றில் இரண்டு பங்கு மேலுதட்டிலும் ஒரு பங்கு கீழுதட்டிலும் இருக்கச் சொல்வார்கள். ஆனால் பல்வரிசையும் உதட்டின் தடிப்பும் ஆளுக்கு ஆள் வேறு. அந்த அளவு ஒரு வழிகாட்டி மட்டுமே.

மூன்றாவது, கன்னம். நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து, மூக்கால் மூச்சிழுத்தபடியே சுருதியை அறாமல் பிடிப்பார். ஹொரணை ஊதுபவரும் அப்படித்தான். அது அந்த வாத்தியங்களின் கலை. அதே பழக்கத்தோடு ஹோர்னுக்கோ ட்ரம்பெட்டுக்கோ வந்தால் உதட்டின் பிடி தளர்ந்துவிடும். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை பாடசாலை பாண்டில் சேரும்போது இதை ஆசிரியர் கவனிக்க வேண்டும். பிள்ளையில் பிழை இல்லை. உடல் வேறொரு வித்தையை ஏற்கெனவே கற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

வருடங்கள் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு

நீண்ட காலம் ஊதாதவருக்கு விரலும் ஞானமும் நினைவில் இருக்கும். வாயைச் சுற்றியுள்ள தசைக்குத்தான் பலம் இருக்காது. ஆபத்து இங்கேதான். மனம் பழைய கச்சேரியை எதிர்பார்க்கும், உதடு முதல் நாள் மாணவனாக நிற்கும். அவசரப்பட்டால் தசை கிழியவும் கூடும். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் உதடு பல ஆண்டுக் கடும் வாசிப்பால் புண்பட்டு, 1930களில் அவர் ஓய்வெடுக்க நேர்ந்தது. ட்ரம்பெட் கலைஞர்களுக்கு வரும் வாய்த்தசைக் கிழிவுக்கு 1982இல் வைத்தியர் ஒருவர் சூட்டிய பெயர், ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டப்பெயரான சச்மோதான்.

திரும்புகிறவர் ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் ஊதக்கூடாது. காலை, மதியம், மாலை என்று பத்துப் பத்து நிமிடம் போதும். ஊதிய நேரமளவுக்கு ஓய்வும் வேண்டும். மத்திய ஸ்தாயியில் நீண்ட, மெல்லிய சுரங்களே முதலில். மேல் ஸ்தாயி சில வாரங்களுக்குப் பிறகு. களைப்பு வரும் முன்பே நிறுத்த வேண்டும். களைத்த பின் ஊதினால் உதடு கற்றுக்கொள்வது தவறான பிடியைத்தான்.

பல், வாய் வரட்சி, காது

முன்பற்கள்தான் உதட்டுக்கு முட்டுக்கொடுப்பவை. ஒரு பல் போனாலும், சற்று அசைந்தாலும் பிடி மாறிவிடும். செல் துண்டு பட்டோ அடிபட்டோ பல் இழந்தவர் செயற்கைப் பல் கட்டப் போகும்போது மவுத்பீஸையோ சீவாளியையோ கையோடு கொண்டுபோய்ப் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சாப்பிடவும் சிரிக்கவும் பொருந்துகிற பல், ஊதுவதற்குப் பொருந்தாமல் போகலாம். கட்டுவதற்கு முன்பே சொன்னால் அதற்கேற்ப அமைக்க வழியுண்டு.

பதற்றமும் தூக்கமின்மையும் உள்ளவர்கள் இரவில் பல்லைக் கடிப்பார்கள். காலையில் தாடை இறுகியிருக்கும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளால் வாய் உலரும். உலர்ந்த உதடு சரியாக அதிராது. இதற்காக மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது. "நான் வாத்தியம் ஊதுகிறவன்" என்று வைத்தியரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றலாமா என்று அவர் பார்ப்பார்.

காதும் முக்கியம். ஹோர்ன் ஊதுபவர் சுரத்தை ஊதுமுன் மனதுக்குள் கேட்டாக வேண்டும்; உதடு அந்தச் சுரத்துக்கேற்பத்தான் இறுகுகிறது. வெடியோசையால் செவி பாதிக்கப்பட்டவருக்குச் சுரம் தவறினால், பிழை உதட்டில்தான் என்று முடிவு கட்டுமுன் செவியையும் பரிசோதிக்க வேண்டும்.

சாதகத்தால் தீராத நோய்

மேலே சொன்னவை எதுவும் இல்லாமலும் உதடு கட்டுப்பாட்டை இழப்பதுண்டு. வலி இருக்காது. சாப்பிட, பேச, சிரிக்க எந்தத் தடையும் இல்லை. வாத்தியத்தை வாயில் வைத்ததும் உதடு நடுங்கும், ஒரு பக்கம் இழுக்கும், அல்லது பூட்டியதுபோல் நின்றுவிடும். சாதகம் செய்யச் செய்யக் கூடும். இது டிஸ்டோனியா எனப்படும் நரம்பியல் நோய். நுணுக்கமான ஒரே அசைவைப் பல ஆண்டுகள் செய்தவர்களின் மூளை, அந்த அசைவுக்கான கட்டளைகளைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் இது வருவதாக மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்க ஹோர்ன் கலைஞர் கிளென் எஸ்ட்ரின் இந்த நோயால் தன் தொழிலை இழந்தவர். பின்னர் நரம்பியல் வைத்தியர் ஸ்டீவன் புருக்டுடன் சேர்ந்து, இதே நிலையிலுள்ள கலைஞர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஜேர்மனியின் ஹனோவர் இசைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கலைஞர்களின் உடல்நலத்துக்கென்றே ஒரு நிறுவகம் இயங்குகிறது. முழுக் குணம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆயினும் புதிய முறையில் உதட்டை மீண்டும் பழக்கி மேடைக்குத் திரும்பியவர்கள் உண்டு. முதல் தேவை, இது சோம்பலோ பயமோ கண்ணூறோ அல்ல என்று அறிந்து நரம்பியல் வைத்தியரிடம் போவது.

கையின் வேலையை உதடு செய்தபோது

அதே ஹனோவரில் படித்தவர் பீலிக்ஸ் கிளீசர். 1991இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் இரு கைகளும் இல்லாமல் பிறந்தவர். ஐந்து வயதில் ஹோர்ன் கற்கத் தொடங்கினார். வாத்தியத்தை ஒரு தாங்கியில் பொருத்தி, இடது கால் விரல்களால் வால்வுகளை அழுத்துகிறார்.

விரலுக்குப் பதில் கால்விரல் வந்தது. ஆனால் விரிந்த வாய்க்குள் சென்று ஒலியை மென்மைப்படுத்தும் வலது கைக்கு மாற்று எது? அந்த வேலையை அவர் உதட்டிடமும் வாயின் உட்பகுதியிடமும் மூச்சிடமும் ஒப்படைத்தார். பல ஆண்டுகள் எடுத்துத் தனக்கென்று ஒரு பிடியை உருவாக்கிக்கொண்டார். பிறகு ஜேர்மனியின் தேசிய இளையோர் இசைக்குழுவில் வாசித்தார். 2014இல் எக்கோ கிளாசிக் விருது, 2016இல் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் விருது கிடைத்தன. மொசார்ட்டின் ஹோர்ன் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்திருக்கிறார்.

பிறவியில் இல்லாததும் போரில் பறிபோனதும் ஒன்றல்ல. இழந்தவரின் வலி வேறு. கிளீசருக்குத் தாங்கியும் ஆசிரியரும் பல்கலைக்கழகமும் வாய்த்தன. வன்னியில் ஒரு பிள்ளைக்கு அவை எளிதில் வாய்ப்பதில்லை. ஆனாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: நூலில் எழுதிய உதட்டுப்பிடி ஒன்றுதான் பிடி என்றில்லை. இருக்கிற உடலுக்கேற்ற பிடியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஒரு கையால் வாசிக்கக்கூடிய வாத்தியங்களை உருவாக்க ஊக்கமளிக்கும் ஓமி அறக்கட்டளை பிரித்தானியாவின் பர்மிங்ஹாமில் இயங்குகிறது என்பதைப் புலம்பெயர் உறவுகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நாம் செய்யக்கூடியது

கண்டியிலோ கிளிநொச்சியிலோ பிள்ளை பாண்டில் ஊதலாம். நோர்வேயில் பாடசாலை ஊதுவாத்தியக் குழுவில் சேரலாம். உதடு வலிக்கிறது என்று சொன்னால், "இன்னும் பழகு" என்பதற்கு முன் ஒரு கண்ணாடி முன்னால் ஊதச் சொல்லிப் பாருங்கள். கை அமுக்குகிறதா, உதடு இழுபடுகிறதா, கன்னம் ஊதுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கோயில் மேளக் குழுவில் மூத்த கலைஞர் ஒருவர் திருவிழாக்களைத் தவிர்க்கத் தொடங்கினால், குடும்பத்தவர் அவரிடம் மெதுவாகக் கேட்க வேண்டிய கேள்வி: "உதட்டுக்கு என்ன செய்யுது அப்பா?" கேட்டால்தான் சொல்வார். சொன்னால்தான் பல் வைத்தியரிடமோ நரம்பியல் வைத்தியரிடமோ கூட்டிப்போகலாம். அப்படியொன்றும் இல்லை, இடைவெளிதான் காரணம் என்று தெரிந்தால், வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து நாளைக் காலை பத்து நிமிடம் ஊதிப் பார்க்கட்டும். முதல் நாளைக்கு அதற்குமேல் வேண்டாம்.