வாகனம் வருமுன் யார் வருவார்?

உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு தாத்தா திடீரென்று சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சும் இல்லை. எந்த எண்ணை அழைப்பீர்கள்?

சிங்கப்பூரில் அந்த எண் 995.

இதுபோன்ற நேரத்தில், பலருக்கு இதயத்தின் மின் சமிக்ஞைகள் தாறுமாறாகிவிட்டிருக்கும். இதயம் நடுங்குமே தவிர, இரத்தத்தை இறைக்காது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. மருத்துவ வாகனம் வர 8 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள். பாதிக்கும் மேல் போய்விட்டது, இல்லையா?

‘வாகனங்களைக் கூட்டினால் போதுமே’ என்று நீங்கள் கேட்கலாம். புளோக்குக்கு ஒரு வாகனத்தை 24 மணி நேரமும் நிறுத்திவைக்க எந்த நாட்டிலும் பணமும் இல்லை, ஆளும் இல்லை. இருப்பவற்றை ஒருங்கிணைப்பதே வழி.

அதனால்தான் 995 அழைப்பை ஏற்பவர் வாகனத்தை அனுப்புவதோடு நின்றுவிடுவதில்லை. மார்பை எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே சொல்லித் தருகிறார். ‘மைரெஸ்பாண்டர்’ செயலி, அருகிலிருக்கும் தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. ஏஇடி கருவி எங்கே இருக்கிறது என்றும் காட்டுகிறது. அந்தக் கருவி தரும் மின்னதிர்ச்சி, தாறுமாறான துடிப்பை ஒரு கணம் நிறுத்துகிறது. இதயம் தன் பழைய தாளத்துக்குத் திரும்ப வாய்ப்புக் கிடைக்கிறது.

ஒருங்கிணைப்பின் அருமையைச் சிங்கப்பூர் ஒரு துயரத்திலும் கண்டது. 1986 மார்ச் 15 அன்று, சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். தீயணைப்பாளர்கள், காவல்துறையினர், இராணுவத்தினர், அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வல்லுநர்கள் எனப் பலரும் சேர்ந்து உழைத்ததில் 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 1989இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன.

பணத்திற்கு வருவோம். உண்மையான அவசரத்துக்கு 995 வாகனம் கட்டணம் கேட்பதில்லை. செலவைப் பொதுப்பணம் ஏற்கிறது. அவசரமே இல்லாமல் அழைத்தால் கட்டணம் உண்டு. கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. சாதாரணக் காய்ச்சலுக்கு ஒரு வாகனம் போயிருக்கும் நேரத்தில், அந்தத் தாத்தாவுக்கு வேறொரு வாகனம் தொலைவிலிருந்து வரவேண்டியிருக்கும். அவசரமில்லாத நிலையில் 1777ஐ அழைக்கலாம்.

இன்று பள்ளி விட்டு வரும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் ஏஇடி பெட்டி எந்த மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். ஒருவர் 995ஐ அழைக்க, ஒருவர் கருவியை எடுத்துவர, ஒருவர் மார்பின் நடுவில் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

அந்த மூவரில் ஒருவர் நீங்களாக இருக்கலாம்.