பேரப்பிள்ளையின் படித்தொகையும் எட்டு வாரக் கணக்கும்



மயிலாடியில் ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியே சிற்பக் கூடங்களிலிருந்து உளியோசை கேட்கின்றது. உள்ளே ஒரு தாய், இங்கிலாந்தில் வாழும் மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கின்றாள். "பள்ளிக்கூடம் அடைத்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா மோளே. நாலைந்து மாதம் இருந்துவிட்டுப் போகலாம். மூத்தவனை ஒரு வருடம் என்னிடமே விட்டுவிடு. ஓதவும் படிக்கட்டும், தமிழும் படிக்கட்டும்."

மயிலாடியில் மட்டுமா? கோட்டாற்றிலும் இடலாக்குடியிலும் திருவிதாங்கோட்டிலும் தேங்காய்ப்பட்டணத்திலும், சபுராளிகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுத்தான் இது. பாசத்தில் பிறந்த பேச்சு. ஆனால், அந்த மகள் குழந்தைகளுக்காக அங்குள்ள அரசிடம் படித்தொகை பெறுபவளாக இருந்தால், இந்தப் பேச்சு ஓர் அரசாங்கக் கணக்கையும் தொட்டுவிடுகின்றது. அந்தக் கணக்கை இங்குள்ள தாய்மார்களும் அறிந்திருத்தல் நலம் என்பதாலேயே இதனை எழுதுகின்றோம்.

பிரிட்டனில் பிள்ளை வளர்ப்போருக்கு அரசு தரும் தொகைக்குச் 'சைல்டு பெனிஃபிட்' என்று பெயர். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுனும், அடுத்துள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 17.25 பவுனும் வழங்கப்பட்டன. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு நம் பணத்தில் மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்வரையிலும், அங்கீகரிக்கப்பட்ட படிப்பைத் தொடர்ந்தால் இருபது வயதுவரையிலும் இது கிடைக்கும். பெற்றோரில் ஒருவரின் ஆண்டு வருமானம் 60,000 பவுனைத் தாண்டினால் சிறிது சிறிதாக வரியாகத் திரும்பப் பெறப்படும்.

இத்தொகை தாயின் கைக்குச் செல்வதற்குப் பின்னால் ஒரு பெண்மணியின் நெடிய போராட்டம் உண்டு. எலினார் ராத்போன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், பிள்ளை வளர்க்கும் தாய்க்கென்று தனிப் பணம் வேண்டுமெனப் பல்லாண்டுகள் வாதாடினார். 1945இல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது பணத்தைத் தந்தையிடம் கொடுப்பதாகவே முதலில் எழுதியிருந்தார்கள். அவர் விடாது எதிர்த்ததால் தாய்க்கென மாற்றினார்கள். 1946 ஆகஸ்டில் முதல் தொகை வழங்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார்.

வளைகுடாவையே அறிந்த நம் குடும்பங்களுக்கு இது வியப்பாயிருக்கும். நாம் கண்டது இதற்கு நேர்மாறானது. சவூதி அரேபியா 2017 ஜூலையில், வெளிநாட்டுத் தொழிலாளர் உடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு 100 ரியாலாக அது உயர்ந்து 2020இல் 400 ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1,600 ரியால்! மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவைத்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு நாடு பிள்ளைக்கென்று கொடுக்கின்றது, மற்றொரு நாடு பிள்ளைக்கென்று வாங்குகின்றது.

பிரிட்டனிலோ, கொடுக்கும் தொகையும் எல்லோருக்கும் உரியதன்று. வேலைக்கான விசாவில் செல்வோரின் அனுமதியோடு 'பொது நிதியை நாடும் உரிமை இல்லை' என்ற நிபந்தனை சேர்ந்தே வருகின்றது. குழந்தைப் படியும் அந்தப் பொது நிதியில் அடங்கும். வரி கட்டுகின்றோமே என்றால் அது போதாது. பிள்ளை அங்கே பிறந்ததே என்றாலும் போதாது. பெற்றோரின் குடியிருப்பு நிலையைத்தான் பார்ப்பார்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்த பின்னரே பொதுவாக வழி திறக்கும். கணவன் மனைவியரில் ஒருவருக்கு அவ்வுரிமை இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். "பக்கத்து வீட்டார் வாங்குகிறார்கள், நீயும் எழுதிப் போடு" என்று இங்கிருந்து யாரும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து வீட்டாரின் விசா வேறாக இருக்கலாம். தகுதியின்றி வாங்கிய பணத்தைத் திருப்பிச் செலுத்த நேர்வதோடு, அடுத்த விசாவிற்கும் அது தடையாகக்கூடும்.

முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குச் சென்ற நம் பெண்களின் நிலை இன்னும் கடினம். 2024 மார்ச் 11 முதல், அவ்வேலைக்குப் புதிதாக விண்ணப்பித்தோர் கணவரையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்ல இயலவில்லை. தாய் அங்கே யாரோ ஒரு மூதாட்டிக்குச் சோறூட்டுகின்றாள். அவள் பிள்ளைக்கு இங்கே பாட்டி சோறூட்டுகின்றாள். அந்தப் பிள்ளைக்கு எந்தப் படியும் இல்லை.

உரிமை பெற்றவர்களுக்கும் அடுத்த நிபந்தனை ஒன்றுண்டு. வழக்கமாக வாழும் இடம் பிரிட்டனாகவே இருத்தல் வேண்டும். தாய் தற்காலிகமாக வெளிநாடு சென்றால் எட்டு வாரங்கள்வரை படி தொடரும். சிகிச்சைக்காகவோ நெருங்கிய உறவினரின் மரணத்தினாலோ சென்றிருந்தால் பன்னிரண்டு வாரங்கள். அங்கே கோடை விடுமுறை ஏறத்தாழ ஆறு வாரமே. ஆகவே விடுமுறைக்கு வந்து செல்வதில் இடரில்லை. "நாலைந்து மாதம்" என்பதில்தான் இடர்.

மூத்தவனை ஓராண்டு விட்டுச் செல்வதோ, விடுமுறைக் கணக்கில் அடங்கவே அடங்காது. பிள்ளை தனியே வெளிநாட்டில் தங்கினால் பொதுவாக முதல் பன்னிரண்டு வாரங்களுக்கே படி உண்டு. அவனை இங்கே ஓதவைப்பது நல்ல காரியந்தான். அதனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவன் மயிலாடியில் உண்டு உறங்கிக்கொண்டிருக்கையில் அவன் பெயரில் அங்கே வாரந்தோறும் பணம் பெறுவது முறையாகாது. பொதுப்பணமும் அமானிதமே. அலுவலகத்திற்கு எழுதி அந்தப் பிள்ளையின் தொகையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மனநிம்மதியோடு விட்டுச் செல்லட்டும்.

நேர்மையாக நடந்தவர்களுக்கும் துன்பம் வந்ததுண்டு. 2025இல் பிரிட்டனின் வருவாய்த் துறை, உள்துறையின் பயணப் பதிவுகளைக் கொண்டு, நாட்டைவிட்டுப் போனவர்களென்று கருதி ஏறத்தாழ 23,500 குடும்பங்களின் படியை நிறுத்தியது. பதிவுகளோ அரைகுறையானவை. புறப்பட்ட விவரம் இருக்கும், திரும்பிய விவரம் இராது. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து விமானம் ஏறி டப்ளின் வழியாக வீடு திரும்பியவர்களெல்லாம் போனவர் போனவராகவே கணக்கில் நின்றார்கள். சில நாள் விடுமுறைக்குச் சென்று வந்த தாய்மாருக்கும், தாம் அங்கேதான் வாழ்கின்றோமென்று மெய்ப்பிக்கக் கேட்டுக் கடிதம் வந்தது. ஊதியப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே பல தவறுகள் நேர்ந்திரா. பத்திரிகைகள் எழுதிய பின்னர் துறை மன்னிப்புக் கோரி, அந்தச் சரிபார்ப்பை மீண்டும் சேர்த்தது.

நெதர்லாந்தில் நடந்தது இதனினும் கொடிது. குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற பல்லாயிரம் குடும்பங்களை மோசடிக்காரர்களென்று வரித்துறை தவறாகக் குற்றஞ்சாட்டியது. துருக்கிய, மொரோக்கோ வழிக் குடும்பங்கள் அவர்களில் ஏராளம். இரட்டைக் குடியுரிமையையே ஐயத்திற்குரிய அடையாளமாகக் கொண்டிருந்தார்கள். கடனில் மூழ்கி வீடிழந்தவர்களும் உண்டு. அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரி 15இல் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகிற்று. ஐயப்படும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்தால், முதலில் அகப்படுபவர் அயல்நாட்டுப் பெயருள்ளவரே என்பது எமது கருத்து.

எனவே மகள் ஊருக்கு வந்தால் போகவர விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை ஆகியவற்றை எறிந்துவிடாமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். பள்ளி திறந்ததும் பிள்ளை வகுப்பில் இருக்கின்றான் என்பதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

துயரமான வேளையொன்றையும் சொல்லவேண்டியுள்ளது. வாப்பா மௌத்தாகிவிட்டார், உம்மா இத்தா இருக்கின்றார். நான்கு மாதமும் பத்து நாளும் உம்மாவோடு இருக்க மகள் விரும்புகின்றாள். அது பதினெட்டு வாரத்திற்கும் மேலாகின்றது. சட்டம் தருவதோ பன்னிரண்டு. அவள் தாராளமாக இருக்கட்டும். பன்னிரண்டு வாரம் முடியுமுன்பே அலுவலகத்திற்குத் தெரிவித்துவிட்டால் பின்னர் திருப்பிக் கட்டும் தொல்லை நேராது. திரும்பிச் சென்றதும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் சற்றுத் தாமதித்தாலும், அங்கே வாழ்ந்து தகுதியோடிருந்த நாள்களுக்கு, மூன்று மாதம்வரை பின்னோக்கிக் கணக்கிட்டுத் தரும் விதியும் இருக்கின்றது.