பூச்சி கடித்த டீ

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னால் அடுத்த நிமிடம் டம்ளர் கையைச் சுடும். சிங்கப்பூர் சைனாடவுன், மாஸ்க் ஸ்ட்ரீட்டில் பத்து நிமிடம் காத்திருந்தேன். வந்தது, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்களவு கிண்ணம்!

"மாப்ளே, இதைக் குடிக்கணுமா, கண்ணுல ஒத்திக்கணுமா?"

"மூணு மடக்குல குடிக்கணும் மச்சான்," என்றான் மைத்துனன். ஜெயங்கொண்டத்துக்காரன், இங்கே வேலை.

கடை, 1925 முதல் இருக்கும் பெக் சின் சூன். தகர டின்களைத் தாண்டி என் கண் போனது தேயிலையைத் தாளில் கையாலேயே மடிக்கும் வேலை மேல்தான். நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சி சீரகம் மடிப்பாரே, அந்த விரல் வேகம். இந்தப் பொட்டலங்கள் 'பக் குட் தே' கடைகளுக்குப் போகின்றன. அது பன்றி விலா எலும்புச் சூப்பு. பெயரில் 'தே' இருந்தாலும் சூப்பில் தேயிலை கிடையாது. டீயைப் பக்கத்தில் வைத்துக் குடிப்பார்கள். டீயைக் குறிக்கும் அந்த 'தே' ஹொக்கியன் என்ற சீன மொழிச் சொல். நம் 'தேயிலை'யில் ஒட்டியிருப்பதும் அதே 'தே'தான்! இத்தனை வருடம் அரைச் சீனமொழி பேசியிருக்கிறேன், தெரியாமல்.

இனி டீ. கைக்குள் அடங்கும் மண்பானை. மிளகு மாதிரி சுருண்ட தியெகுவான்யின் இலை தாராளமாக உள்ளே போனது. கொதிநீர் ஊற்றினார்கள். உடனே அந்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டினார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. அது இலையைக் குளிப்பாட்டத்தானாம். அடுத்த தண்ணீர் இருபது விநாடிகூட நிற்கவில்லை. பூவாசம்! நான்காம் தண்ணீரில் மிளகெல்லாம் காம்போடு முழு இலையாக விரிந்து கிடந்தது. நம் டீக்கடைத் தூள் இயந்திரத்தில் நசுங்கிக் கிழிந்து உருண்டது, ஒரே கொதியில் மொத்தத்தையும் கக்கிவிடும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடு கொடுக்க அதுதான் சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ராஜேந்திர சோழனோட தூதருங்க 1033-ல சீனா போனாங்களே, அவங்களுக்கு ஒரு கிண்ணம் ஊத்தியிருப்பாங்களா?" என்றான் மைத்துனன். கங்கைகொண்டசோழபுரம் அவன் ஊருக்குப் பக்கம். அந்தக் கவலை அவனுக்கு.

சூலியா தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல், மாரியம்மன் கோயில் கோபுரம் எல்லாம் தாண்டி நீல் சாலைக்கு நடந்தோம். அங்கே டீ சாப்டர். 1989-இல் திறந்து, அதே வருடம் எலிசபெத் ராணி வந்து உட்கார்ந்துவிட்டுப் போன இடம். இந்தப் பகுதித் தேநீர்க் கடைகளில் மோந்து பார்க்க மட்டும் தனியாக ஓர் ஒல்லிக் கிண்ணம் தருகிறார்கள். குடிப்பது வேறொன்றில். மூக்குக்கும் ஒரு டம்ளர்!

நான் ஊருக்குப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தது ஒரு தைவான் டீ. வெளியுலகில் ஓரியண்டல் பியூட்டி. கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி கொழுந்தைக் கடித்துச் சாறு உறிஞ்சுகிறது. கடிபட்ட செடி தன்னைக் காக்கச் சுரப்பதுதான் பதப்படுத்தும்போது தேன் வாசமாகிறது. மருந்தடித்தால் வாசம் போச்சு. பூச்சி தின்ற இலையை முதன்முதலில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்த விவசாயியை ஊரே நம்பவில்லையாம். அதனால் அங்கே அதன் பெயர் 'பெங்ஃபெங்', அதாவது அளப்பு டீ.

வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி போட்டிருக்கும் சித்தப்பாவுக்கு மூன்றாம் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். தத்துப்பூச்சி அவருக்கு ஜென்ம விரோதி. தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டுக் குடித்தார்.

"தேன் கலந்தியா?"

"இல்ல சித்தப்பா. தத்துப்பூச்சி கடிச்ச இலை. அதுக்குத்தான் விலையே."

கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா அளக்காதடா," என்றார்.